முதல் பிஸ்டல் பிள்ளையின் கைக்கு அடங்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடைப் பயிற்சி முகாம்கள் பற்றித் தங்கள் நாளிதழின் மதுரைப் பதிப்பில் வெளியான படங்களில் ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ரெட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி, காற்றழுத்தத்தில் சுடுகிற ஏர் பிஸ்டலை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். 'நாளைய ஒலிம்பிக் நட்சத்திரம்' என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தீர்கள். துப்பாக்கி சுடுதலை நம் ஊர்ப் பிள்ளைகளின் விளையாட்டாக மதித்துப் படம் போட்டதற்கு முதலில் நன்றி. ஆனால் படத்தை உற்றுப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை. அந்தப் பிள்ளையின் இடுப்பு முன்னுக்குத் தள்ளியிருக்கிறது, முதுகு பின்னால் வளைந்திருக்கிறது, வலது தோள் காது வரை ஏறியிருக்கிறது. இடது கை வலது மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அவள் கையில் இருப்பது வளர்ந்த ஆணின் கைக்கென்று செய்த முழு அளவு பிஸ்டல். அப்படி நின்று ஒரு மாதம் பழகினால் அந்த நிற்றல் உடம்பில் ஊறிவிடும். பிறகு அதை எடுப்பது புதிதாகச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கடினம்.

மதுரையில் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என்.சி.சி. பொறுப்பும் பார்த்தேன். நான் சுடக் கற்றுக்கொண்டது .22 (குழல் விட்டம் 0.22 அங்குலம்) ரைபிளில், பிஸ்டலுக்கு வந்தது பிறகு. இப்போது நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சிறிய துப்பாக்கி சுடும் ரேஞ்சில் சனி, ஞாயிறு காலைகளில் புதிதாக வருகிறவர்களுக்கு ஏர் பிஸ்டல் சொல்லித் தருகிறேன். 2024 ஜூலை 28 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கினார். இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து கலப்பு அணியில் இன்னொரு வெண்கலம். அதன் பிறகு மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று எங்கெங்கிருந்தோ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றேதான்: "டீச்சர், மனு பாக்கர் வச்சிருக்காங்கள்ல, அதே பிஸ்டலை வாங்கிரலாமா? செலவு பாக்க வேணாம்."

வேண்டாம் என்பதுதான் என் பதில். அதற்கான காரணங்களை ரேஞ்சில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. தங்கள் வாசகர்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்ல இடம் தாருங்கள்.

முதலில் எடை. சர்வதேச விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டல் 1,500 கிராமுக்கு மேல் போகக் கூடாது. சந்தையில் கிடைக்கிற முழு அளவு பிஸ்டல்கள் ஏறக்குறைய ஒரு கிலோ. ஒரு கிலோதானே, கத்திரிக்காய் வாங்கினால் பையில் தூக்குகிறோமே என்று பெற்றோர் நினைக்கிறார்கள். பையைத் தூக்குவது தொங்கவிட்ட கையால். இதை ஒரே கையில், தோள் உயரத்துக்கு, முழங்கை மடங்காமல் நீட்டிப் பிடிக்க வேண்டும். போட்டியில் 60 குண்டு, அதற்கு ஒன்றேகால் மணி நேரம். அதற்கு முன், குறிபார்க்க உதவுகிற சைட்டைச் சரிபார்க்கிற 15 நிமிடம் வேறு. எடை எவ்வளவு என்பதைவிட எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது முக்கியம். நீளமான குழலும் நீளமான காற்று சிலிண்டரும் சேர்ந்தால் கனம் முன்பக்கம் போய்விடும். அனுபவப்பட்டவர்களுக்கு அது நல்லது, முனை அலையாமல் நிற்கும். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அதே முன்கனம் மணிக்கட்டைக் கீழே இழுக்கும். இழுக்கிற கனத்தைச் சமாளிக்க உடம்பு பின்னால் சாயும். தங்கள் படத்தில் இருப்பது அதுதான். பிள்ளை மீது ஒரு குற்றமும் இல்லை.

இதற்கென்றே குட்டை பிஸ்டல்கள் இருக்கின்றன. மொரினி, ஸ்டெயர், பர்டினி, ஃபைன்வெர்க்பாவ் என்று வீரர்கள் பெயர் சொல்கிற அதே ஐரோப்பிய நிறுவனங்கள் குழலையும் சிலிண்டரையும் குறைத்த மாடல்களையும் செய்திருக்கின்றன. மொத்த எடை கொஞ்சம்தான் குறையும். ஆனால் குறைகிற எடை முழுக்க முன்பக்கத்திலிருந்து குறைவதால் கையில் எடுத்தவுடனேயே வித்தியாசம் தெரியும். இந்த மாடல்களைப் பற்றிக் கடையில் யாரும் தாமாகச் சொல்வதில்லை. மேலூரிலிருந்து வந்த ஒரு தகப்பனார் மகளின் உயரத்தையும் வயதையும் சொல்லித்தான் விசாரித்திருக்கிறார். "எப்படியும் வளரப்போற பிள்ளைதானே, பெருசாவே வாங்கிப் போடுங்க" என்று சொல்லி முழு அளவை, நடுத்தரக் கைப்பிடியோடு விற்றுவிட்டார்கள். பள்ளிக்கூடச் சட்டை எடுக்கும்போது ஒரு சுற்றுப் பெரிதாக எடுப்போம், அது சரி. பிஸ்டலில் அந்தக் கணக்கு ஆகாது.

"குழல் குட்டையானால் குறி தப்பாதா?" என்று விவரம் தெரிந்த பெற்றோர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே உள்ள தூரம் 320 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சைட் இரண்டும் நேர்கோட்டில் நிற்காமல் அரை மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டருக்கு அப்பால் குண்டு பதினைந்தரை மில்லிமீட்டர் தள்ளி விழும். ஏர் பிஸ்டல் குறி அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 8 மில்லிமீட்டர். அதாவது நடுவிலிருக்கிற பத்தில் விழ வேண்டியது ஏறக்குறைய இரண்டு வளையம் தள்ளிப்போய்விடும். குட்டை பிஸ்டலில் அந்தத் தூரம் 270 மில்லிமீட்டர் என்றால் அதே அரை மில்லிமீட்டர் விலகலுக்குக் குண்டு பதினெட்டரை மில்லிமீட்டர் தள்ளிப்போகும். இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர், அரை வளையம்கூட இல்லை. கை சோர்ந்து மணிக்கட்டு தொங்கினால் போகிறது மூன்று, நான்கு வளையம். புதியவருக்கு எந்த நட்டம் பெரியது என்று பெற்றோரே பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை இங்கேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குட்டை என்றால் எதுவும் சுலபம் என்று ஆகிவிடாது. என் தம்பி மகன் அமெரிக்காவில் டெக்சஸில் இருக்கிறான். அங்கே புதியவர்களுக்குப் பெரும்பாலும் .22 தோட்டா பிஸ்டலில்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். சுடும்போது கையைப் பின்னால் தள்ளுகிற உதைப்பு குறைவு, சத்தம் குறைவு, தோட்டாவும் மலிவு. ஆனால் சட்டைப்பையில் அடங்குகிற குட்டி பிஸ்டலை நல்ல பயிற்சியாளர்கள் புதியவர் கையில் கொடுப்பதில்லை என்கிறான். வெடிமருந்து உள்ள துப்பாக்கியில் எடை குறையக் குறைய உதைப்பு கையில் கூடும். சுண்டு விரலுக்குப் பிடிமானமும் இருக்காது. ஆகவே 1949 முதல் ரூகர் நிறுவனம் செய்துவருகிற மாதிரியான, நீளக் குழலும் நல்ல கனமும் கொண்ட .22 பிஸ்டலைக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு அது சரி. காற்றில் இயங்கும் பிஸ்டலில் உதைப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லாததால்தான் நமக்குக் குட்டை பொருந்துகிறது. அங்கே சொன்னதை இங்கேயும், இங்கே சொல்வதை அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொன்று, நம் நாட்டில் .22 பிஸ்டலுக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் பிஸ்டலுக்கு உரிமம் தேவையில்லை. போட்டிக்கான ஏர் பிஸ்டலின் வேகம் நொடிக்குச் சுமார் 150 மீட்டர், ஆற்றல் 5, 6 ஜூல்தான் வரும்.

எடையைவிட நான் அதிகம் கவலைப்படுவது கைப்பிடியைப் பற்றி. மரத்தில் கடைந்த இந்தக் கைப்பிடிகள் சின்னது, நடுத்தரம், பெரியது என்று அளவு வைத்து வருகின்றன. மிகச் சின்னதும் கேட்டால் கிடைக்கும். வலது கைக்குத் தனி, இடது கைக்குத் தனி. உள்ளங்கையின் அடியில் தாங்குகிற தட்டை மேலும் கீழும் ஏற்றி இறக்கலாம். உசிலம்பட்டிப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு மாணவி வருகிறாள். அவள் அம்மா மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் வியாபாரம் செய்கிறவர். பிள்ளைக்கு மெல்லிய, நீளமில்லாத விரல்கள். வேறொரு இடத்தில் நடுத்தரக் கைப்பிடியில் பழகிவிட்டு எங்களிடம் வந்தாள். அவள் சுட்ட அட்டையைப் பார்த்தேன். குண்டுகள் எல்லாம் ஒன்றை ஒன்று தொடுகிற மாதிரி நெருக்கமாக இருக்கின்றன, ஆனால் மொத்தமும் இடது பக்கம் ஒதுங்கி ஏழாம் வளையத்தில். சைட்டைத் திருகிச் சரிபண்ணு என்று சொல்லியிருக்கிறார்கள். திருகியிருக்கிறாள். அன்றைக்குச் சரியாக இருந்து, மறுநாள் வேறு பக்கம் ஒதுங்கியது.

அவள் பிடித்திருப்பதை மேலிருந்து குனிந்து பார்த்தேன். ட்ரிகரைத் தொட வேண்டியது ஆள்காட்டி விரலின் நுனிச் சதை. கைப்பிடி தடிமனாக இருந்ததால் விரல் எட்டவில்லை. எட்டுவதற்காகக் கையை மொத்தமாகச் சுற்றித் திருப்பிப் பிடித்திருக்கிறாள். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள கவட்டி பிஸ்டலின் முதுகுக்கு நேராக வராமல் ஓரமாய் இருந்தது. அப்படிப் பிடித்தால் குழலும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்காது, ட்ரிகரை இழுக்கிற ஒவ்வொரு முறையும் முனை பக்கவாட்டில் தள்ளப்படும். பிடி தினமும் ஒரே மாதிரி அமையாததால்தான் குண்டு தினமும் ஒரு திசையில் ஒதுங்கியது. சின்ன அளவுக் கைப்பிடி ஒன்றை இரவல் வாங்கி மாட்டினோம். அதிலும் நடுவிரல் உட்காருகிற இடம் மேடாக இருந்தது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தோம். பெருவிரலின் அடிச்சதைக்குக் கீழே வெற்றிடம் இருந்தது. அதில் எம்-சீல் பிசைந்து வைத்து, அவள் கையையே அழுத்தி அச்செடுத்தோம். காய்ந்ததும் மறுபடி தேய்ப்பு. அரை மணி நேர வேலை. கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலைத் தூக்கச் சொன்னேன். தூக்கிக் கண்ணைத் திறந்தபோது இரண்டு சைட்டும் நேராக நின்றன. "டீச்சர், நானா ஒண்ணுமே செய்யல, அதுவா நிக்குது" என்றாள்.

ஆகவே பெற்றோர்களே, பிஸ்டலின் பெயரைக் கேட்பதற்கு முன் கைப்பிடியின் அளவைக் கேளுங்கள். பிள்ளை இடது கைக்காரரென்றால் இடது கைப் பிடி வரும்வரை காத்திருங்கள். "வலது கையில பழகிக்கட்டும்" என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

அடுத்து ட்ரிகர். போட்டி விதிப்படி ஏர் பிஸ்டலின் ட்ரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். குழலைச் செங்குத்தாக வைத்து, 500 கிராம் எடைக்கல்லை ட்ரிகரில் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். பொழுதுபோக்குக்கு என்று விற்கிற மலிவான ஸ்பிரிங் பிஸ்டல்களில் இது இரண்டு கிலோ, அதற்கு மேலும் இருக்கும். பிஸ்டலே ஒரு கிலோதான், அதை இயக்கக் கொடுக்கிற அழுத்தம் இரண்டு கிலோ என்றால் முனை அசையாமல் எப்படி நிற்கும்? பிள்ளை இழுப்பதற்குப் பதில் வெடுக்கென்று பறிக்கக் கற்றுக்கொள்ளும். நம் ஊரில் பலர் முதன்முதலில் துப்பாக்கியைத் தொட்டது தமுக்கம் பொருட்காட்சியில், பலூன் சுடும் கடையில். அந்தப் பறிக்கிற பழக்கம் அங்கிருந்தே வருகிறது. வயது வந்த ஆண்களிடம் அதை மாற்ற நான் படுகிற பாடு அதிகம்.

எந்த வகைக் காற்று என்பதில்தான் பணமும் குழப்பமும் கூடுதல். ஸ்பிரிங் வகையைச் சொல்லிவிட்டேன். குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள் உள்ளே கனமான பிஸ்டன் முன்னும் பின்னும் பாய்ந்து கையைக் குலுக்கிவிடும். தொடக்கக்காரருக்கு வேண்டவே வேண்டாம். கரியமில வாயு நிரப்பிய வகை ஒரு காலத்தில் போட்டிகளிலேயே இருந்தது. மதுரைக்கு அது ஆகாது. கரியமில வாயு 31 டிகிரிக்கு மேல் திரவமாக நிற்காது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் காலை ஒன்பது மணிக்கே அந்தச் சூடு வந்துவிடும். அழுத்தம் ஏறி, குண்டின் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். பிள்ளை சரியாகச் சுட்டாலும் குண்டு மேலும் கீழுமாக விழும், தன்னிடம்தான் கோளாறு என்று அது நினைத்துக்கொள்ளும்.

மிச்சம் இருப்பது இரண்டு. ஒன்று, ஒவ்வொரு குண்டுக்கும் நெம்புகோலை ஒரு முறை திறந்து மூடிக் காற்றை அடைக்கிற வகை. ரஷ்யாவின் இஸெவ்ஸ்க் நகரில் செய்த பைக்கால் 46 இதில் பேர்போனது. எங்கள் ரேஞ்சிலும் ஒரு பழையது இருக்கிறது. சிலிண்டர் வேண்டாம், பம்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ரப்பர் வளையம் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். காற்று அடைக்காமலேயே ட்ரிகரை மட்டும் பழகலாம். ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் நடுவே நெம்புகோலைத் தள்ள வேண்டியிருப்பதால் அவசரப்பட்டுச் சுடவும் முடியாது. கல்லூரிப் பிள்ளைகளுக்கும், நாற்பது வயதில் கற்க வருகிறவர்களுக்கும் இதைத்தான் முதலில் கொடுக்கிறேன். ஆனால் எடை ஒரு கிலோவைத் தாண்டும், கைப்பிடி பெரியது, அந்த நெம்புகோலைத் தள்ளச் சிறு பிள்ளைகளுக்குத் தெம்பு போதாது. பத்துப் பதினைந்து தடவை தள்ளியதும் சுடுகிற கையே நடுங்க ஆரம்பித்துவிடும். பிள்ளைக்குப் பதில் பக்கத்தில் நின்று நான் தள்ளிக் கொடுக்கலாம், கொடுத்தும் இருக்கிறேன். பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது அது நடக்கிற காரியம் இல்லை.

இன்னொன்று, சிலிண்டரில் 200 பார், அதாவது சாதாரணக் காற்றைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தத்தில் காற்றை அடைத்து வைக்கிற வகை. ஒருமுறை நிரப்பினால் நூறு குண்டுக்கு மேல் வரும், முதல் குண்டுக்கும் கடைசிக் குண்டுக்கும் வேகம் மாறாது. பாரிசில் சுட்டவர்கள் கையில் இருந்தது இதுதான். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இந்த வகையில் குட்டை மாடல், சின்னக் கைப்பிடி என்பதே என் தீர்மானமான கருத்து. மின்னணு ட்ரிகர் தேவையில்லை, சாதாரண ட்ரிகரே போதும். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றின் நடுவிலேயே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி நின்றது, நிமிடங்கள் வீணாயின. பழுது பார்க்க ஆள் உள்ள இடத்திலேயே அப்படி என்றால், ஒரு சின்ன உதிரிபாகத்துக்கும் வெளியூருக்கு அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்கிற நமக்கு எளிய இயந்திரம்தான் நல்லது.

சிலிண்டர் வைத்திருக்கிற எல்லோரிடமும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். நிரப்பிய சிலிண்டரை வெயிலில் நிற்கிற காரிலோ, ஸ்கூட்டர் பெட்டியிலோ விட்டுவிட்டுப் போகாதீர்கள். அதன்மேல் பொறித்திருக்கிற ஆண்டைப் பாருங்கள். பத்து ஆண்டு கடந்திருந்தால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். பழைய பிஸ்டலை விலை பேசும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். காற்றைத் தவிர வேறு எதையும் அதில் அடைக்கக் கூடாது. வெல்டிங் பட்டறையில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது, அதில் பிடித்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டார். எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் அழுத்தத்தோடு ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும். உயிருக்கே ஆபத்து.

பாதுகாப்பில் ரைபிளைவிட பிஸ்டலுக்கு நான் அதிகம் பயப்படுகிறேன். ரைபிளைப் பக்கத்து ஆள் பக்கம் திருப்ப உடம்பே திரும்ப வேண்டும். பிஸ்டல் மணிக்கட்டு அசைந்தால் போதும். "டீச்சர், குண்டு வரல" என்று பிஸ்டலோடு என் பக்கம் திரும்பாத புதியவர் குறைவு. அதனால் எங்கள் ரேஞ்சில் முதல் பாடமே, எது நடந்தாலும் பிஸ்டலை மேசையில் முனை அட்டைப் பக்கம் இருக்கும்படி வைத்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும் என்பது. "ஸ்டாப்" என்றால் விரல் வெளியே, குண்டு வெளியே, குழலில் குண்டு இல்லை என்று காட்டுகிற கொடி. ஈயக்குண்டைத் தொட்ட கையோடு முறுக்கோ வடையோ தின்னக் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குண்டை வாயில் வைத்துக்கொண்டு நிரப்புகிற பழக்கம் சில பெரியவர்களிடமே இருக்கிறது. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் யாரையும் நிற்கவிடுவதில்லை, ஏனென்றால் இரும்பில் பட்ட குண்டு திரும்பி வரும்.

கற்பிக்கும் முறை பற்றி அதிகம் எழுதவில்லை, ஆளுக்கு ஆள் மாறும். என் வழி இது: முதல் சில வாரங்களுக்கு அட்டையைத் திருப்பிக் கட்டிவிடுவேன். கறுப்பு வட்டம் இல்லை, எண் இல்லை, வெறும் வெள்ளை. பார்க்க வேண்டியது முன் சைட்டை மட்டும். மணல் மூட்டையில் மணிக்கட்டைச் சாய்த்துச் சில நாள், பிறகு நின்று. தட்டைத் தலைக் குண்டு காகிதத்தில் சுத்தமான வட்டமாக ஓட்டை போடும். அந்த ஓட்டைகள் ஒன்றோடொன்று நெருங்கி வந்தால் போதும், எங்கே விழுகின்றன என்பது அப்புறம். "என் மகன் பத்து எத்தனை போட்டான்?" என்று முதல் வாரமே கேட்கிற பெற்றோரைக் கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்கிறேன்.

பணத்துக்கு வருகிறேன். வெளிநாட்டுப் போட்டி பிஸ்டல் ஒரு லட்சத்துக்கு மேலேயே போகிறது. நகையை அடகு வைத்து வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ஒரு வருடத்தில் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு வந்துவிடும், பிஸ்டல் பீரோவுக்குள் போய்விடும். ஆகவே தொடக்கக்காரர் சொந்தமாக வாங்கவே வேண்டாம் என்கிறேன். வாங்க வேண்டியது கிளப்புகளும் பள்ளிகளும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும்தான். ஒரு குட்டை பிஸ்டலும் அதற்கு மூன்று அளவுக் கைப்பிடிகளும் இருந்தால், கைப்பிடியை மட்டும் மாற்றி மாற்றி ஒரே காலையில் பல பிள்ளைகள் பழகலாம். கைப்பிடி இரண்டு திருகாணியில் கழன்றுவிடும். இப்போது நன்கொடையாகவோ நிதியிலோ வாங்குகிறவர்கள் முழு அளவு, நடுத்தரக் கைப்பிடி, வலது கை என்றே வாங்குகிறார்கள். படம் எடுக்க அழகாக இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளையால் தூக்க முடிவதில்லை. கொள்முதல் பட்டியல் எழுதுகிற அதிகாரிகள் ஒரு சனிக்கிழமை ஏதாவது ஒரு ரேஞ்சுக்குப் போய் அங்கே நிற்கிற பிள்ளைகளின் கைகளை அளந்து பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பன்னிரண்டு வயதுக்கும் குறைந்த பிள்ளைகளுக்கு லேசர் பிஸ்டல் வாங்கலாம். ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த நவீன பென்டத்லான் போட்டியில் 2012 லண்டன் ஒலிம்பிக்கிலிருந்தே லேசரில்தான் சுடுகிறார்கள். குண்டு இல்லை, ஈயம் இல்லை, பள்ளி வராந்தாவிலேயே சைட்டும் ட்ரிகரும் பழகலாம்.

புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் வரை போய்ச் சுட்டுவிட்டு வந்தார். அவருடையது வேறு போட்டி, பறக்கவிடுகிற தட்டைச் சுடுகிற ட்ராப். ஆனாலும் நம் பக்கத்துப் பிள்ளைகளால் முடியும் என்பதற்கு அது போதும். திறமைக்கு இங்கே பஞ்சம் இல்லை. உழவு வேலையும் பூக்கட்டுகிற வேலையும் பழகிய கைகளுக்கு நிதானமும் பொறுமையும் நன்றாகவே இருக்கின்றன. அந்தக் கைகளுக்குப் பொருந்துகிற கருவிதான் வந்து சேரவில்லை.

அப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், கடையில் பணம் கட்டுவதற்கு முன் பிள்ளையை அருகிலுள்ள ஒரு ரேஞ்சுக்குக் கூட்டிப்போங்கள். குண்டு இல்லாத பிஸ்டலை நீட்டிப் பிடிக்கச் சொல்லிப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முதுகு நேராக இருக்க வேண்டும், தோள் இறங்கியிருக்க வேண்டும், விரல் நுனி ட்ரிகரைத் தானாகத் தொட வேண்டும். முப்பது நொடி கழித்தும் அப்படியே நின்றால் அந்த பிஸ்டல் அந்தப் பிள்ளைக்குச் சரி. முதுகு வளைந்தால் அதைவிடச் சின்னது கேளுங்கள். நகத்தை வெட்டி, கால் மூடிய செருப்புப் போட்டு, கண்ணாடி அணிகிற பிள்ளையென்றால் மறக்காமல் அதையும் போட்டுக் கூட்டிவாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
நாகமலைப் புதுக்கோட்டை, மதுரை மாவட்டம்.